வாசலில் செருப்புக் கிடந்தால்

எனக்கு ஊர்களை எல்லாம் அவற்றின் கழிப்பறைகளை வைத்துத்தான் தெரியும். திருப்பதியிலிருந்து சென்னைக்குப் போகிற வழியில் ஏர்பேடு தாண்டி ஒரு பெட்ரோல் பங்க், காளஹஸ்தியில் ஒரு ஓட்டல், தடாவுக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு பெட்ரோல் பங்க். இதில் ஏதாவது ஒன்று பூட்டியிருந்தால் அன்றைய பயணம் எனக்கு நரகம். கர்ப்பப்பையை எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடிவதில்லை. ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது என்று முதலில் சொன்னவர் நிச்சயம் என் வயதுப் பெண்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் வீடு கீழ்த் திருப்பதியில், கோயிலை ஒட்டிய வீதியில் இருக்கிறது. என் மாமனார் வழியில் நாலு தலைமுறையாகக் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர்கள். என் கணவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உற்சவ நாட்களில் மட்டும் கோஷ்டியில் கடைசி வரிசையில் நின்று சேவிப்பார். வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். வாசலில் நுழைந்தால் கூடம், பிறகு பெருமாள் சன்னிதி, பிறகு தளிகை செய்கிற உள், அதற்கும் பிறகு கொல்லை. குளியலறையும் கழிப்பறையும் கொல்லையில். அதாவது யார் உள்ளே போக வேண்டுமென்றாலும் பெருமாளையும் அடுப்பையும் தாண்டித்தான் போக வேண்டும்.

யாத்ரீகர்கள் ஊரில் குடியிருக்கிறவர்களுக்கு ஒரு தனிக் குணம் வந்துவிடும். காலையில் கோலம் போடும்போதே ஒருவர் குனிந்து "ரூம் தொருகுதுந்தா அம்மா?" என்பார். அறை கிடைக்குமா என்று அவர் கேட்டுவிட்டுப் போவதற்குள் இன்னொருவர் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்பார். மராட்டியில் கேட்பார்கள், கன்னடத்தில் கேட்பார்கள், ஒன்றும் கேட்காமல் உள்ளேயே வந்துவிடுகிறவர்களும் உண்டு. எங்கள் ஊரில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு வாசலில் நாலு ஜோடி செருப்புக் கிடந்தால் அது பொது இடம். கோயிலாக இருக்கலாம், மடமாக இருக்கலாம், அன்னதானக் கூடமாக இருக்கலாம், யாரும் போகலாம். என் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் நடந்த அன்று வாசலில் செருப்பு மலையாகக் குவிந்திருந்தது. பதினோரு பேர் கொண்ட ஒரு குடும்பம், எந்த ஊர்க்காரர்களோ, நேரே உள்ளே வந்து பந்தியில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். இலை போட்ட பிறகு எழுந்திரு என்று சொல்ல முடியுமா? அக்காரவடிசலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, உண்டியல் எங்கே என்று என் கணவரிடமே கேட்டார்கள்.

அதைச் சிரித்துச் சொல்லலாம். இன்னொன்றைச் சிரித்துச் சொல்ல முடியாது.

ஒரு புரட்டாசி சனிக்கிழமை. திருத்தணிப் பக்கத்திலிருந்து நடந்தே வருகிற கூட்டம் மஞ்சள் துணியும் கோவிந்தா கோஷமுமாக வீதியை நிறைத்துக்கொண்டு போனது. அதிலிருந்து ஒருத்தி விலகி எங்கள் வாசலுக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். மஞ்சள் புடவை, நெற்றி நிறைய நாமம், கால் இரண்டும் வீங்கியிருந்தன. முகத்தைப் பார்த்தவுடனேயே என்ன கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

"யம்மா, கொஞ்சம் அவசரம்மா. உள்ள போய்க்கினு வந்துடறேன். பொம்பளைங்கதானே நாம."

உள்ளே தளிகை ஆகிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை, மடி. அவள் எங்கெங்கே நடந்து வந்தாளோ, அந்தக் காலோடு அடுப்பைத் தாண்ட வேண்டும். நான் யோசிக்கக்கூட இல்லை.

"தண்ணி வரலைம்மா. மோட்டார் ரிப்பேர்."

சொல்லி வாய் மூடவில்லை, கொல்லையில் மோட்டார் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது. காலையில் நான்தான் போட்டிருந்தேன். பழைய மோட்டார். வீதி வரைக்கும் கேட்கும். அவள் அந்தச் சத்தம் வந்த திசையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு "சரிம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு சொல்லிவிட்டு மறந்திருப்பேன்.

அடுத்த வருஷம் சித்திரையில் என் பெண் எங்கள் இருவரையும் நெதர்லாந்துக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டாள். அவளும் மாப்பிள்ளையும் அங்கே ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் வேலையாக இருக்கிறார்கள். விமானத்தில் நடைபாதை ஓரத்து இருக்கை, போய் இறங்கினால் வீட்டுக்குள்ளேயே இரண்டு கழிப்பறை, எல்லாம் ஏற்பாடாகத்தான் இருந்தது. ஒரு வாரம் அவள் வீட்டு ஜன்னலிலிருந்தே நெதர்லாந்தைப் பார்த்தேன். சைக்கிள்கள் தெரிந்தன. அது போதும் என்றேன்.

"அம்மா, ஒக்க ரோஜே கதாம்மா. ஒரே ஒரு நாள். மீன்பிடிக்கிற ஊர் ரெண்டு இருக்கு, வோலண்டாம், மார்க்கன்னு. ரொம்பப் பழசு. மரத்தால கட்டின வீடெல்லாம் அப்படியே வெச்சிருக்கா. இவ்ளோ தூரம் வந்துட்டு பார்க்காம போவியா?"

"மீன் பிடிக்கிற ஊர்ல நமக்கு என்னடி வேலை?"

"நீ மீனைப் பார்க்க வேண்டாம். ஊரைப் பாரு."

என் பயம் மீன் இல்லை என்று அவளுக்கும் தெரியும். வண்டி ஓட்டப்போவது மாப்பிள்ளை. நல்ல பையன், அதிர்ந்து பேசமாட்டார். அதனாலேயே எனக்கு அவரிடம் கூச்சம் அதிகம். மாமியார் என்றால் ஒரு மரியாதை இருக்கிறது. மணிக்கொரு தரம் "வண்டியை நிறுத்துங்கோ" என்று மாப்பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நிறுத்தச் சொல்வதற்குள் அவருடைய காரிலேயே, அவர் கண் முன்னாலேயே ஏதாவது ஆகிவிட்டால்? அன்றோடு நான் திருப்பதிக்கு நடந்தே போய்விட வேண்டியதுதான்.

கிளம்புகிற அன்று காலையில் காப்பி குடிக்கவில்லை. தண்ணீரும் தொடவில்லை. என் கணவர் கேட்டார்: "ஏன்டி, உபவாசமா இன்னிக்கு?" ஆமாம் என்றேன். எந்த ஏகாதசியும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

வோலண்டாமில் இறங்கியதும் எண்ணெயில் மீன் பொரிகிற வாசனைதான் முதலில் வந்தது. என் கணவர் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஒரு ஆள் பச்சை மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, வெங்காயத்தில் புரட்டி, அண்ணாந்து வாயில் விட்டுக்கொண்டதைப் பார்த்து "ராம ராம" என்றார். ஆனால் பத்து நிமிஷத்தில் துண்டு கீழே இறங்கிவிட்டது. ஊர் அப்படி.

மண்ணையும் கல்லையும் கொட்டி உயர்த்திய கரை ஒன்று ஊரின் நீளத்துக்கும் போகிறது. கரைக்கு ஒரு பக்கம் தண்ணீர், படகுகள், பாய்மரங்கள். மறுபக்கம் வீடுகள். கரை மேல் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. வீடுகள் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. அந்தக் கரை மட்டும் இல்லையென்றால் அவர்கள் அடுப்பங்கரையில் படகு விடலாம். அப்படிப்பட்ட இடத்தில் ஜன்னலுக்கு லேஸ் திரை போட்டு, திரைக்கு முன்னால் பீங்கான் வாத்து வைத்து, வாசல்படியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குடித்தனம் நடத்துகிறார்கள். எங்கள் வீதியில் அரை மணி மழை பெய்தால் நாங்கள் போடுகிற கூச்சல் எனக்கு ஞாபகம் வந்தது.

முன்னே அது உப்புத் தண்ணீர்க் கடலாம். பெரிய அணை ஒன்றைக் கட்டிக் கடலை அடைத்ததில் அது ஏரியாகிவிட்டது என்று மாப்பிள்ளை சொன்னார். கடல் மீன் போயிற்று, பிழைப்பும் போயிற்று. ஊர்க்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காரவில்லை. படகில் ஆட்களை ஏற்றினார்கள், மீனைப் பொரித்து விற்றார்கள், மரச் செருப்புச் செய்து அடுக்கினார்கள். வருகிறவர்களை நம்பிப் பிழைக்கிற ஊராக மாறிவிட்டார்கள். அப்படிப் பார்த்தால் எங்கள் ஊர்தானே! ஒரு கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் "நமஸ்தே" என்றார், எங்களுக்குப் பின்னால் வந்தவர்களிடம் சீன மொழியோ எதுவோ பேசினார். எங்கள் வீதி வளையல் கடைக்காரர் எட்டு பாஷையில் "உள்ள வாங்க" சொல்வார். அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பு எத்தனை மணிக்குக் கசந்து போகும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் எங்களைவிட ஒரு படி மேல். எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் வீதியில் ஒரு காகிதம் இல்லை. வலைகள் மடித்து வைத்த புடவை மாதிரி இருந்தன. ஒரு கிழவர் பெஞ்சில் உட்கார்ந்து புகைபிடித்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஆள் அவரைப் போட்டோ எடுத்தார்கள். அவர் யாரையும் விரட்டவுமில்லை, யாருக்காகவும் முகத்தைத் திருப்பவுமில்லை. மலைக்குப் போகிறவர்கள் என் கோலத்தைப் போட்டோ எடுத்தாலே எனக்குச் சுர்ரென்று வரும்.

அந்த ஊர்ப் பழைய உடையைப் போட்டுவிட்டுப் படம் பிடிக்கிற கடை ஒன்று இருந்தது. என் பெண் விடவில்லை. என் கணவருக்குத் தொளதொளக் கறுப்புக் கால்சட்டையும், கறுப்புத் தொப்பியும், கையில் ஒரு பொய் மீனும் கொடுத்தார்கள். மீனை வேண்டாம் என்றுவிட்டார். நாமத்தை அழிக்க மாட்டேன் என்றுவிட்டார். தொப்பிக்குக் கீழே பளிச்சென்று திருமண்ணோடு அவர் விறைத்து நிற்கிற அந்தப் படம் இப்போது எங்கள் பீரோவுக்குள் இருக்கிறது. கோஷ்டிக்காரர்கள் வந்தால் பீரோ பூட்டியிருக்கும்.

அந்தக் கடையிலேயே ஒருமுறை போய்வந்துவிட்டேன். அதற்கப்புறம் படகு.

வோலண்டாமிலிருந்து மார்க்கனுக்கு அரை மணி நேரம். படகில் கழிப்பறை இருந்தது. ஏறியவுடனேயே அதைக் கண் தேடிப் பிடித்துவிட்டது. பாதி வழியில் எழுந்தேன். மாப்பிள்ளை சரியாக அந்தக் கதவின் மேல் சாய்ந்துகொண்டு செல்போனில் தண்ணீரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மாமி, வாங்கோ, இங்கேர்ந்து நன்னாத் தெரியறது" என்று இடம் விட்டார். நானும் பக்கத்தில் நின்று நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். "தன் வினை தன்னைச் சுடும்" என்பதற்கு இதைவிட உதாரணம் கிடையாது. கதவு கையெட்டும் தூரத்தில் இருந்தது.

மார்க்கனில் கால் வைத்தபோது நிலைமை மோசம். மாப்பிள்ளையும் பெண்ணும் உருளைக்கிழங்கு வறுவல் வாங்க வரிசையில் நின்றார்கள். என் கணவர் படகுகளை எண்ணிக்கொண்டிருந்தார். "சும்மா ஒரு நடை நடந்துட்டு வரேன்" என்று கிளம்பினேன். பையைக்கூடப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.

மார்க்கன் ஒரு காலத்தில் தீவு. வெள்ளத்துக்குத் தப்ப மேடு எழுப்பி, மேட்டின் மேல் ஒட்டி ஒட்டி மரவீடுகள் கட்டியிருக்கிறார்கள். பச்சைச் சுவர், வெள்ளை வரி. சந்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வேறு நேரமாக இருந்தால் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்றிருப்பேன். அப்போது எனக்கு எந்த வீடும் தெரியவில்லை. கதவுகள்தான் தெரிந்தன. எல்லாம் சாத்திய கதவுகள். மூன்றாவது சந்தில் திரும்பியதும் வழி தப்பிவிட்டது என்பது புரிந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில், நடுத்தெருவில், பட்டுப்புடவையும் ஸ்வெட்டருமாக நான் நனைந்து நிற்கப் போகிறேன், மாப்பிள்ளை என்னைத் தேடிக்கொண்டு வந்து பார்க்கப் போகிறார் என்று நிச்சயமாகிவிட்டது.

அப்போது அந்த வாசலைப் பார்த்தேன். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே சுவரோரமாக நான்கு ஜோடி மரச் செருப்புகள் வரிசையாக இருந்தன.

நான்கு ஜோடி! எனக்கு உயிர் வந்தது. பொது இடம். இந்த ஊரில் மியூசியம் ஒன்று இருக்கிறது என்று பெண் சொல்லியிருந்தாள், அதுவாகத்தான் இருக்கும். என் பூட்ஸைக் கழற்றி, மரியாதையாக அந்த வரிசையில் ஐந்தாவதாக வைத்துவிட்டு உள்ளே போனேன்.

சந்தேகமே வரவில்லை. முன்னறையில் சுவர் முழுக்க நீலப்பூப் போட்ட தட்டுகள். சுவருக்குள்ளேயே அலமாரி மாதிரி ஒரு கட்டில். பித்தளை விளக்குகள் கண்ணைப் பறித்தன. நவராத்திரிக் கொலு மாதிரி ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தது. டிக்கெட் கொடுக்கிற ஆளையும் அம்புக்குறியையும் தேடிக்கொண்டு அடுத்த அறைக் கதவைத் தள்ளினேன்.

மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சூப்புக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்மணி, அவள் கணவர், வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர். ஜீன்ஸ், ஸ்வெட்டர். கரண்டிகள் பாதியில் நின்றன.

நான் யார் வீட்டுக்குள் வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. எங்கள் நிச்சயதார்த்தப் பந்தியில் உட்கார்ந்தார்களே, அவர்களில் ஒருத்தியாக நான் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண்மணிக்கு என் வயது இருக்கும். அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்கு மிக நன்றாகத் தெரியும். மறுபடியும் ஒருத்தி வந்துவிட்டாள் என்கிற முகம். அது யாத்ரீகர் ஊர்க்காரியின் முகம், என் முகம்.

"டாய்லெட்... ப்ளீஸ்" என்றேன். அவள் மோட்டார் ரிப்பேர் என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். சத்தியமாக அந்த வார்த்தைகளைத்தான் எதிர்பார்த்தேன்.

அவள் என் காலைப் பார்த்தாள். ஒரு காலுறையில் ஓட்டை, கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்து, சமையல் மேடையை ஒட்டி, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தைத் தாண்டி அழைத்துக்கொண்டு போனாள். அடுப்பைத் தாண்டித்தான் அந்த வீட்டிலும் வழி.

அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து நான் அழுதேன். வெட்கத்தில் பாதி, நிம்மதியில் பாதி. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. தேதிகளுக்குப் பக்கத்தில் கையால் பேர் பேராக எழுதியிருந்தது. அவர்களுடைய ஜனங்களின் பிறந்தநாள்கள் என்றும், அந்த நாட்டில் அதை அங்கேதான் மாட்டுவார்கள் என்றும் பெண் பிறகு சொன்னாள். எங்கள் வீட்டில் திருநட்சத்திரங்களைப் பெருமாள் சன்னிதியில் எழுதி வைப்போம். இவர்கள் இங்கே வைக்கிறார்கள். முதலில் ஐயோ என்றிருந்தது. அப்புறம் யோசித்தால் தினமும் தவறாமல் பார்க்கிற இடம் இதுதானே. வெளியாட்களுக்குக் காட்டாத இடத்தில் சொந்த மனிதர்களின் பேரை வைத்திருக்கிறார்கள். அதற்குள் என்னை விட்டிருக்கிறாள்.

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. என் பூட்ஸ் வாசலில்தானே இருக்கிறது என்று ஓடினேன். அங்கே இல்லை. திரும்பினால் அந்த வீட்டுக்காரர் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மழை வந்தவுடன் எடுத்துக்கொண்டு வந்து, துணியால் துடைத்து, செய்தித்தாளை விரித்து அதன் மேல் சுவரில் பொருத்தியிருந்த ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்திருந்திருக்கிறார். குனிந்து என் முன்னால் வைத்தார். வாசலைப் பார்த்து, நான் அப்படியே காலை நுழைக்கிற மாதிரி திருப்பி வைத்தார்.

எங்கள் வீட்டில் அடுத்தவர் செருப்பைக் கையால் தொடமாட்டோம். பெருமாளின் பாதுகை என்றால் சடாரியாகத் தலையில் வாங்குவோம், மனிதர் செருப்பு என்றால் கால் விரலால்கூட நகர்த்த யோசிப்போம். கை கூப்பினேன். அவரும் கையைத் துடைத்துக்கொண்டு பதிலுக்குக் கூப்பினார்.

எனக்கு இருக்கிற இங்கிலீஷில் அந்தப் பெண்மணியிடம் சொன்னேன்: எங்கள் ஊரிலும் இப்படித்தான், தினமும் ஜனங்கள், தினமும் வீட்டுக்குள்ளே. அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். தினமும், தினமும் என்று அவளும் சொன்னாள். பிறகு ஏன் என்னை உள்ளே விட்டாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதுதான், ஆனால் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவள் தோளைக் குலுக்கினாள். அவசரம் என்றால் அவசரம்தானே என்கிற மாதிரி இரண்டு வார்த்தை சொன்னாள். "ஆபத்துக்குப் பாவமில்லை" என்று நாம் சொல்வதுதான். அதை நமக்கு மட்டும் சொல்லிக்கொள்வோம்.

பிள்ளைகளில் ஒருவன் குடையோடு என்னைப் படகுத்துறை வரைக்கும் கொண்டுவந்து விட்டான். அங்கே என் பெண் அழாத குறை. "எங்கேம்மா போனே? போனும் இல்லாம!" என் கணவர், "மீன்காரா பிடிச்சிண்டு போயிட்டான்னு நெனச்சேன்" என்றார். நான் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை எதிரிலேயே. அதற்கு மேல் எதை மறைக்க?

படகில் வோலண்டாமுக்குத் திரும்பிக் காரில் ஏறினோம். கிளம்பிய பத்து நிமிஷத்தில் மாப்பிள்ளை வண்டியை ஓரம் கட்டினார். "எனக்குப் போகணும் மாமி. நீங்களும் வேணா இறங்கிக்கோங்கோ." இன்னும் கொஞ்ச தூரத்தில் மறுபடி நிறுத்தினார். வீடு போய்ச் சேருவதற்குள் பாவம் அந்தப் பிள்ளை நாலு தடவை போனது. என் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாகக் கொல்லைச் சந்துக் கதவைத் திறக்கச் சொன்னேன். வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு சந்து இருக்கிறது. அதன் வழியாகத் தளிகை உள்ளைத் தொடாமல் நேரே கொல்லைக்குப் போகலாம். உடைந்த சைக்கிளும் பழைய ஓடுகளும் போட்டு அடைத்து வருஷக்கணக்காகப் பூட்டி வைத்திருந்தோம். அன்று அந்த மஞ்சள் புடவைக்காரியை விட இந்த வழி இருந்தது. எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். என் கணவர், "ஊர்ல இருக்கிறவா எல்லாரும் வரிசையில நிப்பாடி" என்றார். ஆனால் பூட்டுக்கு எண்ணெய் விட்டதும், புது வாளியும் சொம்பும் வாங்கி வந்து வைத்ததும் அவர்தான்.

புரட்டாசி வந்தது. சனிக்கிழமை, கோவிந்தா கோஷம், மஞ்சள் கூட்டம், தூறல். சிலர் வந்தார்கள், சந்து வழியாகப் போனார்கள், வந்தார்கள். பெரிதாக ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஒருத்தி வாசலில் வந்து தயங்கி நின்றாள். அதே வீங்கிய கால்கள். வேண்டுதல்காரர்கள் வருஷா வருஷம் இதே வழியாகத்தான் வருவார்கள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே சந்துக் கதவைக் காட்டினேன்.

அவள் உள்ளே போனதும் மழை வலுத்தது. அவளுடைய ரப்பர் செருப்பு படியில் நனைந்துகொண்டிருந்தது. அந்த மார்க்கன்காரர் ஞாபகம் வந்தது. குனிந்தேன். கை போகவில்லை. கடைசியில் கால் விரலால் தள்ளிக் கூரைக்கு அடியில் கொண்டுவந்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் முகம் துடைத்துக்கொண்டு வந்தாள். "போன வருசம் மோட்டார் ரிப்பேர்னு சொன்னீங்களேம்மா. சரியாப்பூட்ச்சா?"

கேலியா என்று பார்த்தேன். கேலி இல்லை. நிஜமாகத்தான் கேட்டாள் போலிருந்தது.

"ரிப்பேரே இல்லைம்மா. அன்னிக்கு ஓடிண்டுதான் இருந்தது. நான் பொய் சொன்னேன்."

"தெரியும்மா. சத்தம் கேட்டுக்கினுதானே இருந்துச்சு."

"அப்புறம் அன்னிக்கு எங்கே போனே?"

"எங்க போறது? நாலு வூடு கேட்டேன். முடியல." அவள் சிரித்தாள். "அப்பிடியே ஆயிப்பூட்ச்சு. குயாயில தண்ணி புட்ச்சி மேல ஊத்திக்கினு, வெயிலுக்குக் குளிச்சா மாதிரி நடந்துக்கினே போய்ட்டேன். சாமிக்குத் தெரியாதா இன்னா?"

மார்க்கன் சந்தில் நான் நினைத்து நினைத்து நடுங்கினது எல்லாம் இவளுக்கு நடந்திருக்கிறது. என் வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில், அவ்வளவு கூட்டத்தின் நடுவில்.

கூரைக்கு அடியில் கிடந்த செருப்பை இரண்டு கையாலும் எடுத்தேன். புடவைத் தலைப்பால் துடைத்து, வீதியைப் பார்க்கத் திருப்பி, அவள் கால் அருகில் வைத்தேன். "ஐயையோ, இன்னாம்மா இது, ஐயரு வூட்டம்மா நீங்க" என்று அவள் இரண்டடி பின்னால் போனாள். போட்டுக்கொள் என்றேன். தயங்கித் தயங்கிப் போட்டுக்கொண்டு, கூட்டத்தைப் பிடிக்க வேக வேகமாக நடந்தாள். வீதி திருப்பத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

உள்ளே வந்து கை அலம்பவில்லை என்று சொன்னால் பொய். அலம்பினேன். ஆனால் உடனே இல்லை, கொஞ்ச நேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான்.